மூன்று மில்லிமீட்டர் கணக்கு

பேனாக்கத்தி வாங்க நினைப்பவர் முதலில் கேட்கும் கேள்வி, "இதில் எத்தனை கருவி இருக்கு?" என்பதுதான். விற்பவரும் அந்த எண்ணைத்தான் முன்னால் வைக்கிறார். 12, 14, 15, 33 என்று எண் ஏற ஏற விலையும் ஏறுகிறது. இருப்பதிலேயே பெரிய எண்ணை வாங்கியவருக்குத்தான் லாபம் என்றும் தோன்றுகிறது. இந்தக் கேள்வியே தவறு என்பது என் எண்ணம். ஸ்விட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனம் செய்யும் பல கருவி மடக்குக்கத்திகளில் ஆசை உள்ள யாரிடம் பேச்சு தொடங்கினாலும் சுற்றிச் சுற்றி இதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம். அதனால் எந்தக் கேள்வி சரி என்பதையும் அதற்கு விடை எங்கே கிடைக்கிறது என்பதையும் ஒருமுறை நிதானமாக எழுதிவைக்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் அந்த எண்ணையே பிரித்துப் பார்ப்போம். ஸ்பார்ட்டன் என்ற மாடலுக்கு 12 செயல்பாடுகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பெரிய அலகு, சிறிய அலகு, டின் ஓப்பனர், அதன் நுனியில் 3 மி.மீ. ஸ்க்ரூ டிரைவர், பாட்டில் ஓப்பனர், அதன் நுனியில் 6 மி.மீ. ஸ்க்ரூ டிரைவர், அதன் அடியில் ஒயர் உரிக்கும் பள்ளம், குத்தூசி, கார்க் திருகி, முள்வாங்கி, பல்குச்சி, கடைசியாகச் சாவி வளையம். ஆக, சாவி கோக்கும் வளையத்தையும் சேர்த்துத்தான் 12. மடங்கி விரியும் இரும்பு என்று எண்ணினால் ஆறே ஆறு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, எண்ணும் முறை அப்படி. ஆனால் வாங்குகிறவர் மனத்தில் 12 என்றால் 12 தனித்தனிக் கருவிகள் என்று பதிகிறது. அடுத்ததாக 33 என்ற எண்ணைப் பார்த்ததும் கை தானாக அங்கே போகிறது.

அந்த 33-இன் பெயர் ஸ்விஸ் சாம்ப். உலோக ரம்பம், உளி, மீன் செதில் சுரண்டி, உருப்பெருக்கி, குறடு எல்லாம் அதில் உண்டு. செய்நேர்த்தியில் அது ஓர் அற்புதம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் எடை 185 கிராம், தடிமன் 33 மி.மீ. பேன்ட் பையில் போட்டால் நடக்கும்போது தொடையில் இடிக்கும், உட்காரும்போது உறுத்தும். சட்டைப் பையில் போட்டால் குனிந்த நொடியில் தரையில் கிடக்கும். முதல் வாரம் பெருமையாக எடுத்துப் போவோம். பிறகு அது கைப்பைக்கு இடம் மாறும், அங்கிருந்து மேசை இழுப்பறைக்குப் போகும். பஸ் ஸ்டாண்டில் பார்சல் கயிறு அறுக்க வேண்டிய நேரத்தில் இழுப்பறையில் இருக்கும் 33 கருவிகளும் ஒன்றுதான், பூஜ்ஜியமும் ஒன்றுதான். தினமும் கூட வரவேண்டிய பொருளுக்கு முதல் தகுதி, கூட வருவது. அதைத் தீர்மானிப்பது தடிமன்.

தடிமனைக் கேட்கத் தொடங்கியதும் எல்லாம் தெளிவாகிவிடுகிறது. 91 மி.மீ. நீளக் கத்திகளில் ஸ்பார்ட்டன் சுமார் 15 மி.மீ. தடிமன், 60 கிராமுக்குச் சற்றே குறைவு. அதோடு கத்தரிக்கோல் சேர்ந்தால் கிளைம்பர்: 18 மி.மீ., ஏறத்தாழ 82 கிராம். அதற்கும் மேல் மர ரம்பம் சேர்ந்தால் ஹன்ட்ஸ்மேன்: 21 மி.மீ., ஏறத்தாழ 97 கிராம். ஒவ்வொரு படியிலும் 3 மி.மீ. கூடுகிறது. இந்த மூன்று மில்லிமீட்டர்தான் இந்தக் கத்திகளின் நாணயம். நாம் உண்மையில் விலை கொடுப்பது இதில்தான்.

ஒரு ஸ்பிரிங், இரண்டு பக்கம்

அந்த மூன்று மில்லிமீட்டர் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்ட பிறகு என் பார்வை அடியோடு மாறிப்போனது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

ஸ்விட்சர்லாந்தின் ஷ்விஸ் மாநிலத்தில் உள்ள இபாக் ஊரில் கார்ல் எல்சனர் 1884-இல் கத்திப் பட்டறை தொடங்கினார். அதுதான் பின்னாளில் விக்டோரினாக்ஸ் ஆனது. அந்நாட்டு ராணுவம் 1889-இல் புதிய ஷ்மிட்-ரூபின் துப்பாக்கிக்கு மாறியது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஸ்க்ரூ டிரைவர் தேவைப்பட்டது. சிப்பாய் டின் உணவைத் திறக்கவும் ஒரு கருவி வேண்டும். அலகு, குத்தூசி, டின் ஓப்பனர், ஸ்க்ரூ டிரைவர் நான்கும் கொண்ட 1890 மாடல் சிப்பாய்க் கத்தி இப்படித்தான் பிறந்தது. முதல் தொகுதியை ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரில்தான் செய்து வாங்கினார்கள், ஏனென்றால் அத்தனை கத்திகளைச் செய்து தரும் வசதி அப்போது உள்நாட்டில் இல்லை. 1891-இலிருந்து எல்சனர் செய்து கொடுக்கத் தொடங்கினார். இதில் எனக்குப் பிடித்த செய்தி, இந்தக் கத்தி உருவாகக் காரணம் ஒரு திருகு என்பது. வெட்டுவதற்கு வேறு கத்திகள் அன்றும் இருந்தன.

சிப்பாய்க் கத்தி உறுதியானது, ஆனால் கனமானது. அதைவிட மெல்லியதாக, நேர்த்தியாக ஒன்றைச் செய்ய எல்சனர் முயன்றார். 1897 ஜூன் 12 அன்று பதிவான 'அதிகாரி, விளையாட்டுக் கத்தி' அதன் விளைவு. ராணுவம் அதை அதிகாரிகளுக்கு வழங்கவில்லை, வேண்டியவர்கள் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கத்தியில்தான் அவருடைய முக்கியமான யோசனை இருக்கிறது. மடக்குக்கத்தியின் முதுகில் ஓர் எஃகுப் பட்டை ஸ்பிரிங்காக இருந்து அலகைத் திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் பிடித்துவைக்கும். அதே பட்டையின் மறுபக்கத்தையும் அவர் வேலை வாங்கினார். வயிற்றுப் பக்கம் அலகுகளுக்கு அழுத்தம் தரும் ஸ்பிரிங்கே முதுகுப் பக்கம் கார்க் திருகிக்கும் குத்தூசிக்கும் அழுத்தம் தரும். ஸ்பிரிங்குகளின் எண்ணிக்கை கூடவில்லை, தடிமனும் கூடவில்லை, கருவிகள் மட்டும் கூடின.

ஒரு ஸ்பிரிங், அதன் இரு முனைகளில் வயிற்றுப் பக்கமாக மடங்கும் ஒன்றிரண்டு கருவிகள், அவற்றை அடுத்த ஸ்பிரிங்கிலிருந்து பிரிக்கும் மெல்லிய அலுமினியத் தகடு. இதைத்தான் ஓர் அடுக்கு என்கிறோம், இதன் தடிமன்தான் அந்த 3 மி.மீ. வயிற்றுப் பக்கக் கருவிகளுக்கு அடுக்கு வேண்டும், அதனால் அவற்றுக்குத் தடிமனில் விலை உண்டு. முதுகுப் பக்கக் கருவிகள் ஏற்கெனவே இருக்கும் ஸ்பிரிங்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன, அவை இலவசம். கிளைம்பரில் கத்தரிக்கோலுக்காக ஓர் அடுக்கு சேர்ந்ததும் அதன் முதுகில் ஓரிடம் காலியாகக் கிடந்தது. 1991-இல் அங்கே ஒரு கொக்கி வந்து உட்கார்ந்தது. கொக்கி தேவையா என்று பலர் வாதிடுகிறார்கள். அது எடுத்துக்கொண்ட இடத்தில் வேறெதுவும் இருக்கவில்லை, ஆகவே வாதிடுவதற்கே ஒன்றுமில்லை. காய்கறிப் பையின் கைப்பிடி விரலை அறுக்கும்போது கொக்கியில் மாட்டிப் பிடித்தால் போதும், அதன் அருமை தெரிந்துவிடும்.

எனவே கேட்கவேண்டியது, 'இந்த அடுக்கு தன்னுடைய 3 மி.மீ. இடத்துக்கு வாடகை கொடுக்கிறதா?' என்பதுதான். ஒவ்வோர் அடுக்காகப் பார்த்துவிடலாம்.

அடுக்கு அடுக்காக

முதல் அடுக்கில் பெரிய அலகும் சிறிய அலகும். இரண்டு அலகு எதற்கு என்று கேட்பவர்கள் இரண்டையும் ஒரே வேலைக்குப் பயன்படுத்துகிறவர்கள். பெரியதைச் சாப்பாட்டுக்கு என்று ஒதுக்குங்கள்: மாங்காய், கொய்யா, வெங்காயம், ரொட்டி. சிறியதை அழுக்கு வேலைக்கு: பார்சல் டேப், அட்டைப்பெட்டி, நைலான் கயிறு. அட்டைப்பெட்டித் தாளில் மண்துகளும் நிரப்புப் பொருள்களும் கலந்திருக்கும், அது அலகை மழுக்குவதுபோல் எந்தப் பழமும் மழுக்காது. டேப்பின் பசையும் சாப்பாட்டு அலகில் ஒட்டாமல் இருக்கும். டேப்பை வெட்டும்போது அலகின் நுனியை மட்டும், அதுவும் சாய்வாக, ஓரிரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு விட்டு இழுக்கவேண்டும். முழு அலகையும் செருகி இழுத்தால் உள்ளே இருக்கும் புதுச் சட்டையும் சேர்ந்தே கிழியும்.

இரண்டாவது அடுக்கில் டின் ஓப்பனரும் பாட்டில் ஓப்பனரும். இழுத்துத் திறக்கும் டின்கள் வந்துவிட்ட காலத்தில் இது வீண் என்று சொல்வது, அவற்றின் நுனிகளைப் பார்க்காதவர்களின் பேச்சு. டின் ஓப்பனரின் 3 மி.மீ. நுனி சாதாரணத் திருகுக்கு மட்டுமில்லை, நடுத்தர ஸ்டார் திருகுக்கும் குறுக்காகப் பொருந்தும். மூன்று பின் பிளக்கின் உள்ளே ஒயரைப் பிடிக்கும் சின்னத் திருகு, பொம்மையின் பேட்டரி மூடி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் அது ஒன்றே பார்த்துக்கொள்ளும். பாட்டில் ஓப்பனரின் 6 மி.மீ. நுனிதான் குக்கர் கைப்பிடித் திருகுக்கு உரியது. சூடு ஏறி இறங்கித் தளர்ந்துகொண்டே இருக்கும் அந்தத் திருகுக்காகவே இதை வைத்திருக்கலாம். பிளக்கைத் தொடுவதற்கு முன் அதைச் சாக்கெட்டிலிருந்து உருவிவிடவேண்டும், சுவரில் உள்ள ஸ்விட்ச் என்றால் மெயினை அணைக்கவேண்டும். இந்தக் கத்தியில் மின்காப்பு கிடையாது. வெளியே பிளாஸ்டிக் தெரிகிறதே என்று நம்பக்கூடாது, வளையமும் ரிவெட்டும் ஸ்பிரிங்கும் எல்லாமே உலோகம்.

டின் திறக்கும்போது கொக்கிபோன்ற பகுதியை விளிம்புக்கு அடியில் மாட்டி, முனையைக் குத்தி, சின்னச் சின்ன அசைவுகளாக முன்னோக்கி நகர்த்தவேண்டும். பின்னோக்கி இழுத்தால் வெட்டாது. பலர் ஒருமுறை முயன்று, இது உதவாது என்று முடிவுகட்டிவிடுவது இதனால்தான்.

முதுகில் குத்தூசி. தோல் பெல்ட்டில் கூடுதல் துளை போடவும் செருப்பு வாரில் ஓட்டை போடவும் இதற்கு ஈடில்லை. இதன் ஒரு விளிம்பில் கூர் இருக்கிறது, ஆகவே குத்தித் தள்ளாமல் திருகித் திருகித்தான் துளைக்கவேண்டும். அடுத்து, கார்க் திருகியா ஸ்டாரா என்ற கேள்வி. ஸ்பார்ட்டனில் கார்க் திருகி, அதே கத்தி டிங்கர் என்ற பெயரில் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரோடு வருகிறது. கார்க் போட்ட புட்டி நம் வீட்டில் எத்தனை என்று பார்த்தால் எல்லோரும் டிங்கர்தான் வாங்கவேண்டும். அவ்வளவு எளிதில் என்னால் முடிவுசெய்ய முடியவில்லை. டிங்கரின் ஸ்டார் கைப்பிடியின் நடுவிலிருந்து குறுக்காக நீட்டி நிற்கும். முறுக்க நல்ல பிடி கிடைக்கும், ஆனால் பள்ளத்துக்குள் உள்ள திருகை எட்டாது, சுவரோரத் திருகிலும் கைப்பிடி முழுதாகச் சுழல இடமிருக்காது. அங்கெல்லாம் 3 மி.மீ. நுனியே உதவும். கார்க் திருகிக்கோ இரண்டு ரகசியப் பயன்கள் உண்டு. இறுகிப்போன கயிற்று முடிச்சை அவிழ்க்க அதன் முனையைச் செருகித் திருகினால் போதும். அதன் சுருளுக்குள் மூக்குக் கண்ணாடித் திருகுக்கான குட்டி ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைத் திருகிவைத்துக்கொள்ளலாம், சில மாடல்களில் அது கூடவே வருகிறது, தனியாகவும் விற்கிறார்கள். கண்ணாடி அணிபவர் ஸ்பார்ட்டன் வழியிலும், வீட்டில் மேசை நாற்காலிகளை அடிக்கடி கழற்றி மாட்டுபவர் டிங்கர் வழியிலும் போகலாம்.

மூன்றாவது அடுக்கு, கத்தரிக்கோல். வாடகையைத் தவறாமல் கொடுக்கும் அடுக்கு இது. நகம், நூல் பிசிறு, பால் பாக்கெட், மாத்திரை அட்டை, பிளாஸ்டர், பூச்சரம், குழந்தையின் பள்ளி வேலைக்கான வண்ணத் தாள் என்று நாள்தோறும் கை இதைத் தேடும். இன்னொரு நன்மையும் இருக்கிறது. அலுவலகத்தில் நாலு பேர் நடுவே அலகை விரித்தால் ஒருவராவது திடுக்கிடுவார், கத்தரிக்கோலை விரித்தால் யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. எனவே என் கணக்கில் நிறுத்தவேண்டிய இடம் இதுதான். கத்தரியும் கார்க் திருகியும் வேண்டுமென்றால் கிளைம்பர், கத்தரியும் ஸ்டாரும் வேண்டுமென்றால் சூப்பர் டிங்கர். இரண்டுக்கும் மூன்று அடுக்கு.

இரண்டே அடுக்கில் கத்தரியும் வேண்டும் என்பவர்களுக்குக் காம்பேக்ட் என்று ஒரு மாடல் உண்டு. இந்த வரிசையிலேயே மிகப் புத்திசாலித்தனமான கத்தி அதுதான் என்பேன். ஓர் அடுக்கில் பெரிய அலகும், டின் திறப்பது, பாட்டில் திறப்பது, திருகுவது மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த கருவியும் இருக்கின்றன. மற்ற அடுக்கில் கத்தரிக்கோல். முதுகில் கார்க் திருகியும், நக அரம் பொறித்த கொக்கியும். கைப்பிடிப் பட்டைக்குள் சின்னப் பேனா ஒன்றும் ஊசி ஒன்றும். இழப்பது சிறிய அலகும் குத்தூசியும். பெல்ட்டில் துளை போடும் பழக்கம் இல்லாதவருக்கு அது இழப்பே இல்லை. அந்த ஊசியைப் போனில் சிம் தட்டை வெளியே தள்ளவும் பயன்படுத்தலாம்.

நான்காவது அடுக்கு, ரம்பம். இழுக்கும்போது வெட்டும் பல், ஈரமான பச்சைக் கிளையில்கூட மாட்டாமல் ஓடும். கட்டைவிரல் தடிமன் கிளையை அநாயாசமாக அறுத்துவிடும். மாடித்தோட்டம் வைத்திருப்பவர், மலையேறுபவர் இதை வாங்கலாம். மற்றவர்களுக்கு வருடத்தில் ஓரிரு நாள் வேலைக்காக வருடம் முழுவதும் சுமக்கும் 3 மி.மீ. அது.

குறடு வேண்டும் என்பவர்கள் அடுத்த அடுக்கைத் தேடாமல் கத்தியின் இனத்தையே மாற்றிக்கொள்வது நல்லது. 91 மி.மீ. கத்திக்குள் மடங்கும் குறடு சின்னது, கைப்பிடி மெல்லியது. முள் எடுக்கவும் சூடான கம்பியைப் பிடிக்கவும் போதுமே தவிர நட்டைத் திருப்பாது. அமெரிக்கரான டிம் லெதர்மேன் 1975-இல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றும்போது பையில் கத்தி இருந்தும் குறடு இல்லாமல் தவித்தார். அதிலிருந்து பிறந்த அவருடைய முதல் கருவி 1983-இல் சந்தைக்கு வந்தது. எல்சனர் கத்தியிலிருந்து தொடங்கி மற்றவற்றைச் சேர்த்தார், இவர் குறட்டிலிருந்து தொடங்கி அதன் கைகளுக்குள் கத்தியை மடித்தார். பைக், பம்புசெட், ஒயரிங் என்று உழைப்பவருக்கு அதுதான் பொருந்தும். ஆனால் வேவ் போன்ற முழு அளவு மாடல் 241 கிராம். அது இடுப்பு பெல்ட்டில் உறை போட்டு மாட்டவேண்டிய கருவி, சட்டைப் பைக்குள் போகாது.

அலுமினியக் கைப்பிடிப் பட்டை கொண்ட 93 மி.மீ. பயனியர் குடும்பத்துக்கு ஒரு பத்தி. 2008 வரை ஸ்விஸ் ராணுவத்துக்கு வழங்கப்பட்ட 1961 மாடல் சிப்பாய்க் கத்தியின் உறவு இது. அலகு கொஞ்சம் தடிமன், கீல்கள் இன்னும் இறுக்கம், கீழே விழுந்தால் பட்டை உடையாது. ஆனால் முள்வாங்கியும் பல்குச்சியும் செருக இடமில்லை, முதுகுக் கருவிகளும் கிடையாது. கரடுமுரடாகக் கையாளுபவருக்குக் கத்தரி சேர்ந்த பயனியர் எக்ஸ் சிறந்த தேர்வு. கையில் கருவேல முள் ஏறும் கிராமத்து வாழ்க்கைக்கு முள்வாங்கி உள்ள, சிவப்புப் பிளாஸ்டிக் பட்டை கொண்ட 91 மி.மீ. கத்தியே மேல்.

இதெல்லாம் வேண்டாம், சாவிக்கொத்தில் மாட்டினால் போதும் என்பவருக்கு 58 மி.மீ. கிளாசிக் எஸ்டி. வெறும் 21 கிராம். சின்ன அலகு, கத்தரி, ஸ்க்ரூ டிரைவர் நுனி கொண்ட நக அரம், முள்வாங்கி, பல்குச்சி. நகர வாழ்க்கையின் பெரும்பாலான தேவைகளை இது முடித்துவிடும் என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

கையில் எடுக்கும்போது

இங்கே சொன்ன 58, 91, 93 மி.மீ. கத்திகளுக்குப் பூட்டு கிடையாது. ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே அலகைத் திறந்துவைக்கிறது. ஆகவே இழுத்து வெட்டும் வேலைக்கு மட்டும்தான் அலகு. நுனியால் குத்தினாலோ முதுகை எதிலாவது தட்டினாலோ அலகு மடங்கி விரல் முட்டியில் விழும். பெயின்ட் டப்பாவின் மூடியை அலகால் நெம்பக்கூடாது. நெம்புவதற்கு 6 மி.மீ. நுனி இருக்கிறது. இதற்குக் காரணம் எஃகின் பதத்திலேயே உண்டு. உலோகத்தின் கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் அலகுகளின் கடினம் 56, கத்தரிக்கோலும் ரம்பமும் 53, ஸ்க்ரூ டிரைவர், ஓப்பனர், குத்தூசி 52, ஸ்பிரிங்கும் கார்க் திருகியும் 49. கூர் நிற்கவேண்டிய இடத்தில் கடினம், முறுக்கைத் தாங்கவேண்டிய இடத்தில் சற்று இளக்கம், வளைந்து திரும்பவேண்டிய இடத்தில் இன்னும் இளக்கம். அலகால் நெம்பினால் நுனி பட்டென்று ஒடிவதும், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தாங்குவதும் இதனால்தான்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இந்தியாவின் ஆயுத விதிகள் உரிமம் கேட்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுக்கு. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் ஆனவை அதிலும் விலக்கு. இந்தக் கத்தியின் அலகு சுமார் 7 செ.மீ. என்பதால் சிக்கலில்லை. ஆனால் விமானத்தின் கேபின் பையில் எந்த அளவானாலும் கூடாது, செக்-இன் பெட்டியில் போட்டுவிடவேண்டும். சாவிக்கொத்தில் கிளாசிக்கை மாட்டியிருப்பவர்கள் சோதனை வரிசையில் அதைப் பறிகொடுப்பது வழக்கம், வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே கழற்றிவிடுங்கள். நீதிமன்றம், மெட்ரோ, மால் போன்ற இடங்களில் வாசல் சோதனைக்குத் தனி விதிகள் உண்டு. இங்கிலாந்தில் வாழும் நம்மவர்களுக்கு ஒரு முக்கியமான வேறுபாடு: மடங்கக்கூடிய, பூட்டில்லாத, 3 அங்குலத்துக்கு மிகாத வெட்டு விளிம்புள்ள கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்கக் காரணம் காட்டவேண்டியதில்லை. பூட்டுள்ள அலகு என்றால் தக்க காரணம் வேண்டும். ஸ்பார்ட்டனும் கிளைம்பரும் முதல் வகை, 111 மி.மீ. பூட்டுக் கத்திகளும் லெதர்மேன் வேவும் இரண்டாம் வகை.

கூரும் எண்ணெயும்

தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள், அருமையாகப் பிடித்துத் தருவார். இந்த அலகை மட்டும் கொடுக்காதீர்கள். வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் இவ்வளவு மெல்லிய விளிம்பு நொடியில் சூடாகும், நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போய்விடும். அதன்பிறகு எத்தனை தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் நிற்காது. 1000 கிரிட் தண்ணீர்க் கல் ஒன்று இருந்தால் வீட்டிலேயே பத்து நிமிட வேலை. பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி கோணம் வேண்டும். அதை அளக்க எளிய வழி: அலகைக் கல்லில் படுக்கவைத்து, அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் கோணம் தானாகவே அந்த வரம்புக்குள் வந்துவிடும். ஒரு பக்கத்தைத் தீட்டிக்கொண்டே வந்து, மறுபக்கத்தில் பிசிறு, அதாவது விளிம்பில் மடிந்து நிற்கும் மெல்லிய உலோக ஓரம், எழுகிறதா என்று பெருவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி வெளிப்பக்கமாக வருடிப் பார்க்கவேண்டும். அடிமுதல் நுனிவரை பிசிறு எழுந்த பிறகே பக்கம் மாற்றவேண்டும். பாதியில் மாற்றுவதுதான் பெரும்பாலும் கூர் ஏறாததற்குக் காரணம். கடைசியில் பக்கத்துக்கு ஒருமுறையாக அழுத்தமில்லாமல் மாற்றி மாற்றித் தீட்டி, பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் விளிம்பு பின்னால் வரும்படி சில தடவை இழுத்தால் தாள் வழுக்கிக்கொண்டு வெட்டுப்படும். இடையில் லேசாக மழுங்கினால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியிலுள்ள பூச்சில்லாத சொரசொர வளையத்தில் நாலு இழுப்பு போதும். எஃகு அதிகக் கடினமில்லை என்பதால் கூர் சீக்கிரம் குறையும், அதே காரணத்தால் சீக்கிரம் ஏறவும் செய்யும்.

துருப்பிடிக்காத எஃகு என்றாலும் புளி, எலுமிச்சை, உப்பு, கடற்காற்று, வியர்வை ஊறிய பஞ்சுத்தூசி ஆகியவற்றோடு நாட்கணக்கில் விட்டால் புள்ளி விழும். மாங்காய் நறுக்கிய பிறகு உடனே கழுவித் துடைத்துவிடவேண்டும். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் முக்கிவைத்து, நீருக்குள்ளேயே ஒவ்வொரு கருவியையும் பலமுறை திறந்து மூடினால் கீலுக்குள் இருக்கும் குப்பை வெளியேறும். நன்றாக உலர்த்தியபின் கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைவது கீலுக்குள்ளும் உறையும், நாளடைவில் தூசியோடு சேர்ந்து பிசுக்காகும். தையல் மெஷின் எண்ணெய் கீலுக்கு நல்லது, ஆனால் பழம் நறுக்கும் கத்திக்கு ஆகாது. மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் ஒரு பாட்டில் வாங்கினால் பல வருடம் வரும். கெடாது, பிசுபிசுக்காது, வாயில் பட்டாலும் பயமில்லை.

பலாப்பழத்துக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் முதலிலேயே வேண்டும். அலகில் தடவிக்கொண்டு நறுக்கினால் பால் ஒட்டாது. மறந்துவிட்டு நறுக்கினால் சோப்புக்கு அது அசையாது, எண்ணெய் தொட்ட துணியால் துடைத்த பிறகே சோப்பு. டேப் பசைக்கு நீலகிரித் தைலம் தொட்ட துணி, அலகில் மட்டும், பட்டையில் படாமல். நெயில் பாலிஷ் ரிமூவரை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், சிவப்புப் பட்டையின் பிளாஸ்டிக் அதில் கரையும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தால் மூடிய கத்தியின் பட்டையில் வையுங்கள். அலகின் கீலருகே வைத்த ஈரச் சந்தனம் இரவெல்லாம் உள்ளே ஊறும், மறுநாள் கழுவி எண்ணெய் விடவேண்டியிருக்கும்.

போலிகள் நிறைய உலவுவதால் வாங்கும்போது நாலு இடம் பார்க்கவேண்டும். பெரிய அலகின் அடியில் நிறுவனத்தின் பெயரும் ஸ்விஸ் தயாரிப்பு என்ற எழுத்தும் கூர்மையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 91 மி.மீ. சிவப்புக் கத்தியில் சிலுவைச் சின்னம் பட்டைக்குள் பதித்த உலோகம், நகத்தால் சுரண்டினால் போகாது. கத்தியை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முதுகில் ஸ்பிரிங்குகளுக்கும் தகடுகளுக்கும் நடுவே வெளிச்சம் கசியக்கூடாது. ஒவ்வொரு கருவியும் திறக்கும்போதும் மூடும்போதும் 'டக்' என்று உட்காரவேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது. புதுக்கத்தி நகம் வலிக்கும் அளவுக்கு இறுக்கமாக இருப்பது குறையில்லை, பாரஃபின் விட்டு நூறு முறை திறந்து மூடினால் இளகும். கத்தரிக்கோலின் குட்டி ஸ்பிரிங் மட்டும் வருடக்கணக்கில் உழைத்தபின் ஒருநாள் ஒடியலாம். அது தனியாகவே கிடைக்கிறது. அதற்காகக் கத்தியை ஓரங்கட்டவேண்டாம், 58 மி.மீ. கத்தியின் ஸ்பிரிங்கும் 91 மி.மீ. கத்தியின் ஸ்பிரிங்கும் வேறுவேறு என்பதால் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.